பங்கர் குன்று முதல் ஐதராபாத் வரை: மூன்று படை அதிகாரிகளும் அவர்கள் எழுதி வைத்தவையும்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் நம்மில் பலருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் ஞாபகம் வரும். பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை ஞாபகம் வரும். அந்தப் போரில் தோற்ற பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அதிகாரிகள் அப்புறம் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணிசமான பேர் நம் பக்கம்தான் வந்தார்கள். யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று சரணடைந்த படையின் தலைவர் காரன்வாலிஸ், ஐந்தே ஆண்டுகளில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். அங்கே நாட்டை இழந்தவர் இங்கே திப்புவிடமிருந்து பாதி நாட்டை எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவரைப் பற்றி பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எழுத வந்தது, அதே போரைப் பார்த்துவிட்டு வந்து ஐதராபாத்தோடு சம்பந்தப்பட்ட வேறு மூன்று பேரைப் பற்றி.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பட்டாள அதிகாரிகளுக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நிறையவே உண்டு. ஃபிரெடரிக் மெக்கன்சி என்பவர் அமெரிக்காவில் இருந்தபடி எழுதிய குறிப்புகள் 1930-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வெளியீடாக இரண்டு தொகுதிகளில் வந்தன. ஜான் பீபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1776 முதல் 1782 வரை எழுதியவை 1998-இல் அச்சேறின. இவற்றில் வீரதீரம் குறைவு. மழை பெய்தது, இன்னாரோடு சாப்பிட்டேன், இன்ன கப்பல் வந்தது, காவல் முறை மாறியது என்று போகும். கொஞ்சம் அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வரலாறு படிக்கிறவனுக்கு இந்த அலுப்பில்தான் சரக்கு இருக்கிறது. தளபதி மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் திட்டப்படி நடந்திருக்கும்; ராத்திரி தனக்காக எழுதும் குறிப்பில்தான் மாவு தீர்ந்துபோனது வெளியே வரும்.

நம்மிடமும் இப்படி ஒரு செல்வம் இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பை இந்த மலரின் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதைப் படித்துப் பழகிய கண்ணோடுதான் இந்தத் துரைமார்களின் குறிப்புகளையும் நான் படித்தேன்.

1775 ஜூன் 17. பாஸ்டனுக்கு எதிரே சார்ல்ஸ்டவுன் மேட்டில் நடந்த சண்டையைப் பங்கர் குன்றுச் சண்டை என்று சொல்கிறார்கள். மேட்டின் மேல் மண் அரண் கட்டி உட்கார்ந்திருந்த குடியேற்றக்காரர்களை நோக்கி ஏறிப்போன பிரிட்டிஷ் படையில் 5-ஆம் ரெஜிமெண்டின் கிரனேடியர் கம்பெனியும் ஒன்று. அதன் கேப்டன் ஜார்ஜ் ஹாரிஸ். குண்டு அவர் உச்சந்தலையைக் கீறிக்கொண்டு போயிற்று. அவர் விழவும் அவரைத் தாங்கிப் பிடித்து, கம்பெனியைத் தான் நடத்திக்கொண்டு போனவர் அதே கம்பெனியின் லெப்டினண்ட், இருபது வயதுப் பையன், ஃபிரான்சிஸ் ராடன். ஹாரிஸின் மண்டையோட்டை வைத்தியர்கள் துளைத்தபோது, கண்ணாடியை வைத்துத் தன் மூளையைத் தானே பார்த்தார் என்று அவர் மருமகன் எழுதியிருக்கிறார். மருமகன் எழுதியது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

இந்த ஹாரிஸ்தான் 1797-இல் சென்னைப் படையின் தளபதி. 1798-இல் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக கவர்னரும் அவரே. அந்த மாதங்களில் நம் ஊரின் தலையெழுத்து மாறியது. நிஜாமிடம் ரேமண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் பயிற்றுவித்த பெரிய படை ஒன்று இருந்தது. ரேமண்ட் 1798 மார்ச்சில் இறந்தார். செப்டம்பர் 1-ஆம் தேதி நிஜாமோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹாரிஸ் முன்கூட்டியே குண்டூரில் சேர்த்து வைத்திருந்த சென்னைச் சிப்பாய்கள் கர்னல் ராபர்ட்ஸ் தலைமையில் அக்டோபரில் ஐதராபாத் வந்து சேர்ந்தார்கள். அக்டோபர் 22 அன்று பிரெஞ்சுப் படை ஆயுதத்தைக் கீழே போட்டது. அன்றிலிருந்து சென்னைப் பட்டாளம் இங்கேயே தங்கிவிட்டது. உசேன் சாகருக்கு வடக்கே அது போட்ட கூடாரங்கள்தான், 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று.

சென்னைப் பட்டாளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சிப்பாய் போகிற இடத்துக்குப் பெண்டு பிள்ளைகளும் கூடவே போவார்கள். ஆகவே அந்த 1798 அக்டோபர் ஐதராபாத் தமிழர் வரலாற்றில் ஒரு முக்கியமான மாதம் என்பது என் கருத்து. நமக்கு முன்னால் மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள், ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவர்கள் அவர்கள். திருமலகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், "எங்க முன்னோரு பட்டாளத்தோட வந்தவங்க தம்பி" என்பார். எந்தப் பட்டாளம், எந்த வருஷம் என்று கேட்டால் சிரிப்பார்.

மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போர். 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து ஹாரிஸின் சேனை கிளம்பியது. ஐதராபாத்திலிருந்து வந்த நிஜாம் படையும் வழியில் சேர்ந்துகொண்டது. இழுவை மாடுகள் மட்டும் லட்சத்தைத் தாண்டும் என்று எழுதியவர்கள் உண்டு. இந்தப் பயணத்தில் ஹாரிஸ் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். அதில் என்னை நிறுத்தியது கோட்டையைப் பிடித்த நாள் அல்ல, ஏப்ரல் 16. அன்று அவர் அரிசி மூட்டைகளை அளந்து பார்க்கச் சொல்கிறார். கணக்கில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் வேறு. சேதாரமோ திருட்டோ, பாதிப் படி அளந்தால் சண்டை போடுகிறவர்களுக்குப் பதினெட்டு நாளைக்குத்தான் அரிசி என்று குறித்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 16-லிருந்து பதினெட்டு நாள் எண்ணிப் பாருங்கள். மே 4 வரும். மே 4 அன்றுதான் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அன்று காலையில் தன் கூடாரத்துக்கு வந்த மால்கமிடம், வாசலில் காவல் நிற்கும் வெள்ளைக்காரன் பசியில் எப்படித் துவண்டிருக்கிறான் பாருங்கள், ஒரு சிப்பாய் தள்ளினால் விழுந்துவிடுவான் என்று ஹாரிஸ் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பாராமகாலிலும் கோயம்புத்தூர்ச் சீமையிலும் திரட்டிய தானியம் காவேரிபுரம் கணவாய் வழியாக வந்து சேர்ந்தது கோட்டை விழுந்த பிறகுதான். திப்புவின் வீழ்ச்சிக்கு எத்தனையோ காரணங்கள் சொல்வார்கள். அந்தத் தேதி ஏன் அந்தத் தேதி என்பதற்கு இந்த அரிசிக் கணக்கைவிட நல்ல பதில் நான் படித்ததில்லை. சேலம் பக்கத்து மாட்டு வண்டி பத்து நாள் முந்தி வந்திருந்தால் ஹாரிஸ் இன்னும் கொஞ்சம் காத்திருந்திருப்பார்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "சண்டை போடுகிறவர்களுக்கு" என்றுதான் கணக்கு. சேனையில் சண்டை போடாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. டோலி தூக்கியவர்கள், தோல் பையில் தண்ணீர் சுமந்த பக்காலிகள், புல் வெட்டியவர்கள், கூடாரம் அடித்த லஸ்கர்கள், கடைக்காரர்கள், பெண்கள், குழந்தைகள். ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் கிளம்பிய நம்மவர்கள் இதில்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அந்தப் பதினெட்டு நாள் அரிசியில் இவர்களுக்குப் பங்கு கிடையாது. தளபதி மறந்துவிட்டார் என்பதல்ல. அவர் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. தானியம் சுமந்து திரிந்த பிரிஞ்சாரிகளிடம் காசு கொடுத்து வாங்கித் தின்ன வேண்டியது அவர்கள் பாடு. பிரிஞ்சாரி என்றால் வேறு யாருமில்லை, தெலங்கானா கிராமங்களில் நாம் தினமும் பார்க்கும் லம்பாடிகள்தான். அன்றைக்கு அவர்கள் எருதுகள் இல்லாமல் எந்தத் துரையும் தக்காணத்தில் நூறு மைல் போயிருக்க முடியாது.

ஹாரிஸின் குறிப்புகளும் கடிதங்களும் நமக்குக் கிடைத்தது 1840-இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழியாக. எழுதியவர் மருமகன் ஸ்டீபன் லூஷிங்டன். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கட்டபொம்மன் கதையில் சினிமா புண்ணியத்தில் ஜாக்சன் துரைக்குத்தான் புகழ். ஜாக்சனுக்கு அடுத்து ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைக்குக் கலெக்டராக வந்து, 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது பதவியில் இருந்தவர் லூஷிங்டன். பிற்பாடு 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னர். மாமனாரின் நாட்குறிப்பை மருமகன் அச்சிடும்போது எதை விடுவார், எதைச் சேர்ப்பார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் அரிசிக் கணக்கு தப்பி வந்துவிட்டது.

ஹாரிஸைத் தாங்கிப் பிடித்த பையன் ராடன் என்ன ஆனார்? ஹேஸ்டிங்ஸ் பிரபு என்ற பட்டத்தோடு 1813 முதல் 1823 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அவரும் நாட்குறிப்பு எழுதினார், தன் குழந்தைகளுக்காக. 1858-இல் மகள் அதை வெளியிட்டார். 1813-இல் தொடங்கி 1818-இல் முடிகிறது. அவர் பெயரைக் கெடுத்த ஐதராபாத் விவகாரம் வெடித்ததோ 1820-க்குப் பிறகு. வில்லியம் பாமர் கம்பெனி என்று இங்கே ஒரு வட்டிக் கடை, நிஜாம் அரசுக்கே கடன் கொடுத்தது. வட்டி நூற்றுக்கு இருபத்தைந்து வரை போயிற்று. அதன் பங்குதாரர்களில் ஒருவர் ஹேஸ்டிங்ஸ் வளர்த்த பெண்ணின் கணவர். ரெசிடெண்ட் மெட்காஃப் இதை எதிர்த்துக் கல்கத்தாவுக்கு எழுதினார், பிரபுவுக்குக் கோபம் வந்தது, கடைசியில் ராஜினாமா. பாமர் விவகாரத்துக்கு முன்பே நாட்குறிப்பு நின்றுபோனது ஐதராபாத் வரலாற்றுக்கு நஷ்டம்தான்.

இனி மூன்றாமவர். எனக்கு மிகவும் பிடித்தவரும் இவரே. பெயர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். காரன்வாலிஸின் சொந்த ரெஜிமெண்டான 33-இல் சேர்ந்து அமெரிக்கா போனார். போர் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்பியபோது இவர் திரும்பவில்லை. இப்போது கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் காட்டுப் பகுதியில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டார். வேலை என்ன? பாசறைகளைப் பராமரிப்பது, நிலம் அளப்பது. யாருக்கு நிலம்? அமெரிக்காவில் மன்னர் பக்கம் நின்று தோற்று, ஊர் விட்டு ஓடி வந்தவர்களுக்கு. அந்தத் தனிமையில் கணிதமும் வானசாத்திரமும் தானே படித்துக்கொண்டார். அங்கேதான் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறார்கள்.

நாற்பது வயதைத் தாண்டியபின் ரெஜிமெண்டோடு இந்தியா வந்தார். 1799-இல் ஹாரிஸின் அதே சேனையில் ஜெனரல் பெயர்டுக்கு உதவியாளர். ஒருநாள் இரவு பெயர்டின் படை வழி தவறியது. நாம் போகும் திசை தவறு, திப்புவின் பாசறையை நோக்கிப் போகிறோம் என்றார் லாம்டன். எப்படித் தெரியும் என்றால், வானத்தில் சப்தரிஷி மண்டலம் நிற்கும் இடத்தைக் காட்டினார். பெயர்டு நம்பவில்லை, பிறகு எதிரியின் காவலாட்களோடு மோதியபின் நம்பினார்.

போர் முடிந்ததும் தீபகற்பத்தைக் குறுக்கும் நெடுக்கும் முக்கோணங்களால் அளக்கலாம் என்று லாம்டன் திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் வேலை தொடங்கி மே 22-இல் அடிக்கோடு முடிந்தது. ஏழரை மைல் நீளம். சென்னையின் அக்கினி நட்சத்திரத்தில், நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்திக் கிடத்தி அளந்தார்கள். அந்தச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்டது. லண்டனிலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், விஷயம் தெரிந்ததும் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். சென்னையிலிருந்து மங்களூர் வரை அளந்து முடித்தபோது, நானூறு மைல் என்று நினைத்த அகலம் முந்நூற்று அறுபதுதான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நாடு காணாமல் போய்விட்டது!

1808-இல் தஞ்சாவூர். சுற்றிலும் சமவெளி, தென்னை, வயல். ஏறிப் பார்க்கக் குன்று இல்லை. ஆகவே காவிரிப் படுகையில் லாம்டன் கோபுரங்களையே குன்றாக்கிக்கொண்டார். பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. அதன் வட்டம் நெளிந்துபோயிற்று. வேறு ஒருவராக இருந்தால் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு இரண்டு வருஷம் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு வைத்தும் திருகியும் கப்பி போட்டு இழுத்தும் ஆறு வாரத்தில் நெளிசலை எடுத்துவிட்டார்கள். இந்தச் சம்பவத்தை எழுதிய எவரெஸ்ட் அந்தக் கைவினைஞர்களின் பெயரைக் குறிக்கவில்லை.

1815-இல் அளவை நிஜாம் சீமையில் பீதர் பக்கத்து தாமர்கிட்டாவை எட்டியது. 1818-இல் இந்த வேலைக்கு இந்தியப் பெருமுக்கோண அளவை என்று பெயர் கொடுத்து நேரடியாகத் தன் கீழ் எடுத்துக்கொண்டவர் ஹேஸ்டிங்ஸ், அதாவது பங்கர் குன்றின் ராடன். அளவையின் தலைமையிடம் ஐதராபாத்துக்கு வந்தது. அந்த வருஷக் கடைசியில் உதவியாளராக இங்கே வந்து சேர்ந்த இளைஞர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்குப் பிற்காலத்தில் பெயர் கொடுத்தவர். லாம்டனோடு சென்னையிலிருந்தே வந்த இன்னொருவர் ஜோஷுவா டி பெனிங். 1794-இல் தொடங்கிய சென்னை நில அளவைப் பள்ளியின் மாணவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் இந்த மலரின் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு இவர் மூத்த மாணவர்.

லாம்டன் பெயரில் அச்சில் வந்த சொந்த நாட்குறிப்பு கிடையாது. வந்ததெல்லாம் கோணம், நீளம், வெப்பநிலை, நட்சத்திர உயரம். மேலே சொன்ன கதைகள் பிறர் எழுதியவை. 1822-இல் வில்லியம் ஹேவல் வரைந்த ஓவியம் ஒன்று லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் இருக்கிறது. இருபது வருஷம் தென்னாட்டு வெயிலில் நின்றவர், அந்த வெயிலைப் பற்றிச் சங்கிலி எவ்வளவு நீண்டது என்ற அளவில் மட்டுமே பேசினார். முதலில் எனக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. யோசித்தால், ஹாரிஸின் நாட்குறிப்பிலும் எனக்குப் பயன்பட்டது ஓர் எண்தானே!

எவரெஸ்ட் அப்படியில்லை, நிறையவே எழுதினார். 1819 மழைக்காலத்தில் கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் நடுவிலுள்ள காடுகளில் அவருடைய குழுவைக் காய்ச்சல் பிடித்தது. கிட்டத்தட்ட நூற்றைம்பது பேர் படுத்துவிட்டார்கள். ஐதராபாத் ரெசிடென்சியிலிருந்து யானை, பல்லக்கு, டோலி என்று கிடைத்ததையெல்லாம் அனுப்பித் தூக்கி வந்தார்கள். வரும் வழியிலேயே பதினைந்து பேர் இறந்தார்கள். பிழைத்து வந்தவர்கள் புதைகுழியிலிருந்து எடுத்த பிணங்கள் போல இருந்தார்கள் என்ற பொருளில் எழுதுகிறார். எவரெஸ்ட் உடம்பு தேற நன்னம்பிக்கை முனைக்குப் போனார். கொடி பிடித்து மலையுச்சியில் நின்றவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், டோலி சுமந்தவர்கள் மறுபடியும் வேலைக்கு வந்தார்கள். இறந்த பதினைந்து பேரும் அவர் எழுத்தில் பதினைந்து என்ற எண்ணாகவே இருக்கிறார்கள். ஹாரிஸின் கணக்கில் அதுகூட இல்லை.

1823 ஜனவரியில் அளவையின் இருப்பிடத்தை நாகபுரிக்கு மாற்றுவதற்காக லாம்டன் ஐதராபாத்திலிருந்து வடக்கே போனார். வயது எழுபதை ஒட்டியிருந்தது. இருமல் விடவில்லை. வழியில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார், அங்கேயே புதைத்தார்கள். டி பெனிங் கூட இருந்தார். அதே மாதம் முதல் தேதிதான் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவை விட்டுக் கப்பல் ஏறியிருந்தார். பெரிய கோயில் சுவரில் மோதி நெளிந்து, ஆறு வாரத்தில் நிமிர்த்தப்பட்ட அந்தத் தியோடலைட்டை இந்திய நில அளவைத் துறையினர் டேராடூனில் வைத்திருக்கிறார்கள்.